ஈரத்துணிக்கு அடியில் கிழங்குமாவு

குக்கர் சத்தம் அடங்கி வெகுநேரமாகியும் நாச்சிமுத்து மூடியைத் திறக்காமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். திறந்தால் வேலை ஆரம்பித்துவிடும், ஆரம்பித்தால் எப்படியும் முடிந்துவிடும், முடிந்ததைத் தட்டில் போட்டு உள்ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும், கட்டிலில் சாய்ந்து கிடக்கிற பெண்டாட்டி மயிலாத்தாள் வாயைத் திறக்க வேண்டும், அது தொண்டைக்குள் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் என்பதற்கு அப்புறம் நினைப்பு ஓடவில்லை, சேற்றில் இறங்கிய வண்டிச்சக்கரம் மாதிரி அங்கேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், பேனாவைத் திருகிக்கொண்டே பேசுவார், இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் சொன்னார். "தொண்டையில ரேடியேஷன் கரண்ட் வெச்ச புண்ணு ஆற நாளாகுமுங்க. அதுவரைக்கும் உடம்புல தெம்பு வேணும். நாளைக்கு வரும்போது வாய் வழியா எதாச்சும் எறங்குதுன்னா பார்க்கலாம். இல்லாட்டி மூக்கு வழியா குழாய் போடணும். அதுவும் வேண்டாம்னா மேற்கொண்டு கரண்ட் வெக்கறதை நிறுத்திக்க வேண்டியதுதான், உடம்பு தாங்காது." நிறுத்திக்க வேண்டியதுதான் என்று எத்தனை சுளுவாகச் சொல்லிவிட்டார், ஷிப்ட் முடிந்து மிஷினை நிறுத்துகிற மாதிரி. நிறுத்தினால் அப்புறம் என்ன என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. மயிலாத்தாளும் கேட்கவில்லை, குழாய் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பொம்பளை, தூக்கத்தில் குழாயைப் பிடுங்கிப்போடுகிறாள் என்று ரெண்டு கையையும் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். அதை இவள் பார்த்துவிட்டாள். ஆட்டோவில் வரும்போது, வாயைத் திறந்தாலே எரிகிறவள், அதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். "மாட்டைக் கட்டற மாதிரி கட்டிப்போட்டிருக்காங்கொ. எனக்கு வேண்டாமுங்க. அதுக்கு இப்பிடியே போயர்றேன்." போயர்றேன் என்றால் எங்கே. காது கேட்காதவர் மாதிரி அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிங்காநல்லூர்க் குளத்தில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது, கண்ணாடி மங்கிப்போயிற்று. உருளைக்கிழங்கெல்லாம் தோல் வெடித்து, வெடித்த வழியாகத் தண்ணியைக் குடித்துவிட்டு ஊதிக் கிடந்தன. இவ்வளவு வெந்திருக்கக் கூடாதோ. அந்த ஜெர்மன்காரம்மா குக்கரில் வேகவைக்கவில்லையே, அகலமான ஒரு ஏனத்தில் போட்டு, நடுநடுவே கத்தியால் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஹெட்விக் அம்மா. மில்லில் புது ஜெர்மன் மிஷின் இறக்கினபோது, பூட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டு வாடா என்று ஃபிட்டர் நாச்சிமுத்துவை அங்கே அனுப்பினார்கள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அந்தம்மா வீட்டு மாடியில்தான் ஜாகை. சனிக்கிழமை தவறாமல் அவள் கிழங்கை வேகவைத்து, மசித்து, மாவு சேர்த்து, கையிலே உருட்டி, சுடுதண்ணியில் போட்டு எடுத்து, வெண்ணெயில் புரட்டி வைப்பாள். சுப்நூடுல். அவள் அதை வேறெப்படியோ சொல்லுவாள், நாச்சிமுத்துவின் வாய்க்கு வந்தது அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி வந்து மயிலாத்தாளிடம் சொன்னபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நூல் மில்லுக்காரன் அத்தனை தூரம் போயி நூலைத் தின்னுட்டு வந்திருக்கறதப் பாரு." அன்றைக்கு ஆரம்பித்தது. குழம்பில் புளி தூக்கலாக இருந்தால், தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டால், ஒறம்பரைச் சனம் வந்த அன்றைக்குச் சோறு குழைந்துபோனால், இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார், ஜெர்மன்ல அந்தம்மா கெழங்குல பண்ணுவா பாரு, வெறும் கெழங்கு, அது எப்படி இருக்கும் தெரியுமா. அவள் விடுவாளா. "அப்ப அங்கயே இருந்திருக்கறது, நானொருத்தி இங்க எதுக்கு?" என்பாள். நாலு வார்த்தைக்கு மேல் போகாது. ஆனால் வருஷக்கணக்காக நடந்தது. முந்தாநாள் சாயங்காலம், ராகிக்கூழ் எரிகிறது, இளநீர் எரிகிறது, பாலில் ஊறின ரொட்டி தொண்டையில் நிற்கிறது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திடுதிப்பென்று திரும்பிச் சொன்னாள், நாக்குத் தடித்து வார்த்தை கொழகொழவென்று வந்தது: "ஏனுங்க, அந்தச் சுப்நூடுலு. காலம் பூராச் சொன்னீங்களே. அதைப் பண்ணுங்க, தின்னு பார்க்கறேன்." குத்திக்காட்டுகிறாளா, நெசமாகவே ஆசைப்படுகிறாளா. ஆசை என்றால் நல்லதுதானே. கடைசி ஆசை என்று ஒரு சொல் அவர் கேட்காமலே மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. சீ, போ என்று விரட்டினார். போகவில்லை.

சூட்டோடு தோலை உரிக்க வேண்டும், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தம்மா முள்கரண்டியில் குத்திப் பிடித்துக்கொண்டு உரிப்பாள். இங்கே முள்கரண்டிக்கு எங்கே போவது, விரல் கொப்புளித்தாலும் கொப்புளிக்கட்டும் என்று கையாலேயே உரித்தார். உரிக்க உரிக்கச் சூடு ஏறி நகக்கண் காந்தியது, அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது, அவள் வாய்க்குள்ளே எரிகிறதில் தம்பிடி அளவாவது நமக்கும் எரிகிறது என்று. கொப்புளம். அந்தச் சொல்லில் காலை வைத்திருக்கக் கூடாது. கொப்புளம்தான் முதலில் வந்தது. நாக்குக்கு அடியில், மிளகு அளவு. "ஏனுங்க, இதைப் பாருங்களேன், கரகரங்குது" என்று வாயைத் திறந்து காட்டினாள், இதே அடுப்படியில், ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார்? சூட்டுக் கொப்புளம் புள்ளே, மணத்தக்காளிக் கீரை நாலு நாளைக்குத் தின்னு, தானா அடங்கீரும். அவள் தின்றாள். கீரைக்காரியிடம் சொல்லி வைத்து வாங்கித் தின்றாள். மாங்காய்க் காலத்தில் காட்டினது, ஆடி நோம்பி போயிற்று, தீபாவளி போயிற்று, கார்த்திகை தீபத்தன்றைக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் ரத்தமாகத் துப்பினாள். வெத்தலை போட்ட எச்சில் என்றுதான் அவர் நினைத்தார். வெத்தலையோடு புகையிலையும். சம்பளத்தன்றைக்குச் சைக்கிளில் வரும்போது அந்தப் புகையிலைக் கட்டை மறக்காமல் வாங்கி வந்தது யார். வேண்டாம். மசிக்கிறதைப் பார். கிழங்கில் கட்டி இருக்கக் கூடாது, அவள் தொண்டையில் ஒரு கட்டி போதும்.

மத்தால் மசித்தார். மசிந்தது, ஆனால் பொலபொலவென்று வரவில்லை, ஈரமாக, பளபளவென்று வந்தது. சுகந்தி ஃபோன் செய்தாள். பெங்களூரில் இருக்கிற மகள், காலையும் மாலையும் கூப்பிட்டு அம்மா என்ன சாப்பிட்டாங்க என்று கேட்கிறவள், அந்தக் கேள்விக்குப் பயந்தே இவர் ஃபோனை அலமாரி மேல் வைத்துவிடுகிறார். "அப்பா, நான் வீடியோ அனுப்பிச்சிருக்கேன், பார்த்தீங்களா?" "எனக்கு எதுக்குச் சாமி வீடியோ, நான் கண்ணால பார்த்தவன்." "பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! சரி, கேளுங்க. முட்டையில மஞ்சக்கரு மட்டும். மைதா ரொம்பப் போட்றாதீங்க. ஜாதிக்காயைத் துளி ஒரசிப் போடச் சொல்றாங்க. அம்மாவுக்கு எரியும், அது வேண்டாம். வெண்ணெயில மொறுமொறுன்னு வறுக்காதீங்க, சும்மா புரட்டுங்க. அப்புறம் முக்கியமா, பிசைஞ்சதும்..." உள்ரூமில் அவள் இருமினாள். இருமல் இல்லை அது, இருமப் பயந்து அடக்குகிற சத்தம். "இரு கண்ணு, உங்கம்மா கூப்படறா" என்று ஃபோனை வைத்துவிட்டு ஓடினார். அவள் கூப்பிடவில்லை. எச்சில் துப்புகிற கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கரண்ட் வைத்த இடம் பழுத்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்து மினுங்கியது. "என்ன புள்ளே?" "ஒண்ணுமில்லீங்க. கருகற வாசம் வருதா?" "இல்லையே." "வராட்டி இன்னும் அடுப்பே பத்த வெக்கலையாட்ட இருக்குது." சிரிப்பு வரவில்லை, ஆனால் அவர் சிரித்து வைத்தார்.

மஞ்சள்கருவை ஊற்றி, மைதாவைத் தூவி, பிசைய ஆரம்பித்தார். கை தானாக வேகம் பிடித்தது. சப்பாத்தி மாவு பிசைகிற மயிலாத்தாளைப் பார்த்திருக்கிறார் இல்லையா, குனிந்து, தோள்பட்டை அசைய, அடித்து, மடித்து, திருப்பிப் போட்டு, மறுபடி அடித்து. அதே மாதிரி. நாலு அடிக்குள் கையெல்லாம் பசை. விரலிடுக்கில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு பிடி விடமாட்டேன் என்றது. அந்தம்மாவின் கையில் ஒட்டவே ஒட்டாதே. இந்த இடத்தில்தான் அவர் நின்றார். அந்தம்மா மசித்ததுக்கும் உருட்டினதுக்கும் நடுவில் என்ன செய்தாள்? கண்ணை மூடிக்கொண்டு அந்த அடுப்படியைக் கொண்டுவந்தார். மரப்பலகை. பலகைமேல் மாவு. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது, பஞ்சு மூட்டை அவிழ்ந்த மாதிரி. அவள் கிழங்கைப் பலகையில் கொட்டுகிறாள், மாவைத் தூவுகிறாள், அப்புறம்? அப்புறம் பனி. இவர் பனியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மயிலாத்தாள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கும்போது அவள் உருட்டிக்கொண்டிருக்கிறாள், ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரே இழுப்பு, நடுவில் தடித்து ரெண்டு முனையும் கூம்பி, அசல் நூல் சுற்றின பாபின் மாதிரி. நடுவில் உள்ளது போய்விட்டது. திரும்பத் திரும்பக் கண்ணை மூடினார், திரும்பத் திரும்பப் பனி பெய்தது. சரி, எந்த ஊர் மாவானாலும் மாவு மாவுதானே. பிசைந்ததும் இந்த வீட்டில் என்ன நடக்கும்? மயிலாத்தாள் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டு மூடுவாள். "சித்த நேரம் ஊறட்டுமுங்க, அப்பத்தான் அடங்கும்" என்பாள். அப்படித்தான் இருக்கும். அந்தம்மாவும் மூடித்தான் வைத்திருப்பாள். நினைக்க நினைக்க அந்தத் துணிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது, ஓரத்தில் நீலக்கோடு போட்ட துணி. நீலக்கோடு போட்டது இந்த வீட்டுத் துணி என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. நனைத்தார், பிழிந்தார், மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

ஊறட்டும். அடங்கும். உட்கார்ந்த பிறகுதான் வயிறு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நேற்றைக்கு என்ன சாப்பிட்டோம்? டீ. முந்தாநாள்? அதுவும் டீதான், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பன். அவள் பட்டினி கிடக்கிற வீட்டில் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கக் கூச்சமாக இருந்தது, வாசம் அவளுக்குப் போகுமே, மென்றால் சத்தம் கேட்குமே. பொங்கி வைத்ததை மூடி வைத்து, புளித்ததும் எடுத்துக் காக்காய்க்குப் போட்டார். அவள் கேட்டால் தின்னுட்டேன் என்று சொல்லிவிடுகிறது. ஈரத்துணிக்கு அடியில் மாவு கமுக்கமாக இருந்தது. காத்திருந்தால் அடங்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் நமக்கெல்லாம். மிஷினில் ஒரு பல்சக்கரம் லேசாகச் சத்தம் போட்டால், ஹெட்விக் அம்மா ஊர்க்காரன் உடனே நிறுத்திக் கழற்றுவான். இவர் இருபது தடவை அதைப் பார்த்திருக்கிறார், இங்கே வந்து அதே மாதிரிதான் வேலை செய்தார், சத்தம் கேட்ட மாத்திரத்தில் கை சுவிட்சுக்குப் போகும், ஓடட்டும் பார்க்கலாம் என்று ஒருநாள் விட்டதில்லை. மிஷினுக்கு அப்படி. வீட்டில் வாயைத் திறந்து காட்டினவளுக்கு, தானா அடங்கீரும். மாங்காய்க் காலம், ஆடி நோம்பி, தீபாவளி. முதல் நாளே கூட்டிப் போயிருந்தால் கத்தி வைத்துச் சின்னதாக வழித்து எடுத்திருப்பார்களோ. டாக்டரைக் கேட்கலாம். கேட்டால் ஆமாம் என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருகுவார். கேட்காமல் இருந்தால் இல்லை என்றும் இருக்கலாம். அவள் ஏன் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை? கிழங்குப் பேச்சுக்கு அத்தனை வருஷம் வாயடித்தவள், நீங்கதான அடங்கீரும்னீங்க என்று ஒரு சொல் சொல்லவில்லையே. மறந்துவிட்டாளா? மறக்கிற பொம்பளையா அவள். சொன்னால் இவர் தாங்கமாட்டார் என்று அவளும் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாளோ. இன்றைக்கு அவள் தின்றுவிட்டால் போதும். ஒரே ஒரு வாய். ஒரு வாய் இறங்கினால் நாளைக்குக் குழாயும் இல்லை, நிறுத்துகிறதும் இல்லை, அப்புறம் புண் ஆறும், கழுத்துக் கறுப்பு உரியும், அவள் எழுந்து வந்து இந்த அடுப்படியில் நின்று, என்ன கருமாந்திரமுங்க இது, எங்க பார்த்தாலும் மாவு என்று திட்டுவாள். திட்டட்டும். திட்டுகிற குரல் இல்லாமல் இந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் காதைக் கொடுத்துப் பார்த்தார். தெருவில் பழைய பேப்பர்காரன் கத்திக்கொண்டு போனான், அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும். தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிட்டார்.

துணியை எடுத்தார். மாவு அடங்கவில்லை. வைத்த உருண்டை படுத்து, பரவி, ஓரமெல்லாம் தண்ணி விட்டு, இட்லிமாவுக்கும் களிக்கும் நடுவில் என்னமோ ஒன்றாகக் கிடந்தது. விரலால் தொட்டால் விரலோடு வந்தது. கிழங்கு ஊறினால் தண்ணி விடும் என்று எந்த மடையனுக்கும் தெரியுமே, உப்புப் போட்ட கத்தரிக்காய் விடவில்லையா, வெங்காயம் விடவில்லையா. அதனால்தான் அந்தம்மா கையில் ஒட்டவில்லை, அவள் விட்டு வைக்கவே இல்லை, பனியை இவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சித்த நேரத்தில் அவள் பாட்டுக்கு உருட்ட ஆரம்பித்துவிட்டாள். கையில் மாவு தடவிக்கொண்டு உருட்டினார், ஒன்றுகூட முனை கூம்பவில்லை, மண்புழு மாதிரி நீண்டு தொங்கின. கொதிக்கிற தண்ணியில் போட்டார். போட்டவை அடியில் போய் உட்கார்ந்தன, மிதந்து வரும் என்று பார்த்தால் வரவில்லை, தண்ணிதான் வெள்ளையாயிற்று, கஞ்சியாயிற்று. கரண்டியை விட்டால் அகப்பட ஒன்றுமில்லை. மிச்ச மாவில் மைதாவைக் கொட்டினார், பிசைந்தார், மறுபடி கொட்டினார், டப்பா காலி. இப்போது இறுகிப்போய் ரப்பர் மாதிரி ஆயிற்று. அதை உருட்டிப் போட்டார். கரையவில்லை. மிதந்துகூட வந்தன. வந்ததை வெண்ணெயில் போட்டுப் புரட்டுகிறபோது, இதை எப்படி அந்தத் தொண்டையில், இதை நான் எப்படிக் கொண்டுபோய் நீட்டுவேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பின்னால் சுவரில் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது.

மயிலாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறதைத் தவிர எழுந்து நடந்தே பல நாளாயிற்று. கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தாள், காலி மைதா டப்பாவைப் பார்த்தாள், நீலக்கோடு போட்ட ஈரத்துணியைப் பார்த்தாள், அவர் முழங்கை வரைக்கும் அப்பியிருந்ததைப் பார்த்தாள். "அட சாமி, கெழங்கு மாவை ஊற வெச்சீங்களா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்ததும் உதடு வெடித்து வலித்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, தோள் குலுங்கச் சிரித்தாள். "உக்காரு புள்ளே, விழுந்தர்ருவே." நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டைக் காட்டிக் கையை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து, நகத்தால் துளியூண்டு கிள்ளி, வெண்ணெயில் தோய்த்து, ஆறிவிட்டதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்து, நீட்டினார். அவள் வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அவருடைய உடம்பு முழுக்கக் கண்ணாகிவிட்டது. அவள் தாடை அசையவில்லை. கண்ணை மூடினாள். கழுத்து ஒருதரம் ஏறி, பாதியில் நின்று, இறங்கிற்று. மறுபடி ஏறியது. நின்றது. மூடின கண்ணிலிருந்து தண்ணி வழிந்து கன்னத்தில் இறங்கிற்று. பிறகு கையைக் குவித்து வாய்க்கு நேரே பிடித்து, அதை அப்படியே வெளியே எடுத்தாள், முழுசாக, வைத்த மாதிரியே. "எறங்கலீங்க" என்றாள். அவர் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நீங்க உக்காருங்க" என்றாள். எதிரே தரையில் உட்கார்ந்தார். "தட்டை எடுங்க. தின்னுங்க, நான் பார்க்கறேன்." "எனக்கு வேண்டாம் புள்ளே, நான் அப்பவே..." "டீயைக் குடிச்சுட்டுப் பொய் சொல்லாதீங்க. இட்லிச் சட்டி வெச்ச எடத்துலயே இருக்குது, கழுவற சத்தமே இந்தப் பக்கம் கேக்கறதில்லெ. எனக்குத் தொண்டைலதான் புண்ணு, காதுல இல்லெ." அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவள் அவர் வாயையே பார்த்தாள், தாடை அசைகிறதை, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதை, புதுசாக எதையோ கற்றுக்கொள்கிறவள் மாதிரி. கூச்சமாக இருந்தது. ஆனால் பசி கூச்சத்தைவிடப் பெரிசாக இருந்தது, அடுத்ததையும் எடுத்தார். "எப்பிடி இருக்குது?" "சைக்கிள் டியூப்பாட்ட." "அந்தம்மா பண்றது?" மென்றதை விழுங்கிவிட்டுச் சொன்னார். "அதுவும் எனக்கு எறங்கலை புள்ளே. நீ கட்டிக் குடுத்துவிட்ட பருப்புப்பொடியத் தொட்டுத் தொட்டுத்தான் தின்னேன். பொடி தீந்தப்புறம் ரூமுக்கு எடுத்துட்டுப் போயி ஜன்னலுக்கு வெளிய எறிஞ்சேன்." "திருட்டுக் கெழவா" என்றாள். கட்டின நாளிலிருந்து ஏனுங்க வாங்க போங்க தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார். கொப்புளத்தை நீ காட்டுன அன்னைக்கு நான், என்று வாயெடுத்தார். அவள் கையைத் தூக்கினாள், போதும் என்கிற மாதிரி. தூக்கின கையை இறக்கவில்லை, அப்படியே அவருக்கு முன்னால் நீட்டினாள். எலும்பும் நரம்புமாக, வளையல் முழங்கைவரை போய்ச் சரிந்தது.

"நாளைக்கு அந்தக் குழாயப் போடச் சொல்லுங்க" என்றாள். "உங்க கைச் சமையலுக்குக் காத்துட்டு ஒக்காந்திருக்கறதுக்கு அது தேவலை." அவர் சட்டென்று நிமிர்ந்தார். "நெசமாவா?" "கையைக் கட்டப்படாது." "சேரி." "தூக்கத்துல நான் புடுங்கப் போனேன்னா நீங்கதான் புடிக்கோணும். நர்ஸு இல்லெ, சுகந்தி இல்லெ. அசந்து தூங்கீறாதீங்க." மாவு அப்பின கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி ஓடுகிறது விரலில் தெரிந்தது, வெகு லேசாக, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டார். "இவ்வளவு இறுக்கி வேண்டாமுங்க" என்றாள். தளர்த்தினார். தளர்த்தினால் போதுமா, தூக்கத்தில் உருவிக்கொண்டால் என்ன செய்வது, எவ்வளவு இறுக்கினால் அவளுக்கு வலிக்காது, எவ்வளவு விட்டால் தப்பிக்காது என்று அவர் விரல்கள் மெள்ள மெள்ளப் பார்த்துக்கொண்டிருந்தன. "இப்ப?" என்று கேட்டார். "இன்னும் சித்த" என்றாள். "இப்ப?" "ம். இப்படியே." இன்னொரு கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தார்.